பூட்டிய மீன் நோட்டு

‘8-2-1972, செவ்வாய். நேற்று வாடைக் காற்று என்று எழுதியது தப்பு. கொண்டல்தான் அடித்தது. இன்று மீன்: காரப்பொடி, அரைக் கூடை.’

இன்னும் சில வரிகள் எழுதி முடித்ததும் தங்கவேல் நோட்டைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினான். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். மீன் பிடிக்கிறவன் வீட்டில் பூட்டிவைக்க என்ன இருக்கிறது என்று அவன் மனைவி தேவானை கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

அந்த நோட்டை யாரோ களவாகப் படிக்கிறார்கள். வலைக்குவியலுக்கு அடியில் ஒளித்துப் பார்த்தான், அரிசிப் பானையில் ஒளித்துப் பார்த்தான், பலனில்லை. அப்புறம்தான் இந்தப் பெட்டி.

ஊரூர் குப்பத்தில் காலையில் கட்டுமரம், சாயங்காலம் அடையாறு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பு என்று ஒரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும், தேதி போடாமல் எதையும் எழுதக் கூடாது என்று வாத்தியார் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். தங்கவேல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு காற்று, நீரோட்டம், தண்ணீரின் நிறம், சிக்கிய மீன் என்று தினமும் எழுதினான். பழைய பக்கங்களோடு ஒத்துப் பார்த்து, மறுநாள் எங்கே வலை போடுவது என்பதைக் கடைசி வரியில் குறிப்பான். அவன் எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் கிடக்கும் குழந்தை தூங்கிப்போகும்.

நோட்டு பொய்க்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். குறித்த இடத்தில் மீன் இருந்தது, அவனுக்கு முன்னால் ஐந்தாறு கட்டுமரங்களும் இருந்தன. பாலவாக்கம் தென்னந்தோப்புக்கு நேர் கிழக்கே என்று எழுதினால், அவன் துடுப்புப் போட்டுப் போய்ச் சேரும்போது அங்கே மற்றவர்களின் வலை இறங்கியிருக்கும்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா கூடை வழியச் சங்கரா மீனோடு கரையிலிருந்து திரும்புவாள். தேவானையின் கூடையைப் பார்த்ததும், குழந்தைக்கு என்று நாலு மீனை அதில் தள்ளிவிட்டுப் போவாள். அந்தப் பெருந்தன்மை தங்கவேலுக்கு இன்னும் எரிந்தது.

இதில் ஒரு கெடு வேறு. தேவானையின் அண்ணன் ரகுபதிக்குச் சாயங்காலங்களில் கரைவலை இழுக்க ஆள் தேவைப்பட்டது. எழுத்தும் கிழுத்தும் ஒரு கூடை மீன் கொண்டுவராது என்று அவன் நாலு பேர் நடுவில் ஏளனம் பேச, தங்கவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் கூடை நிறையாவிட்டால் வகுப்பை விட்டுவிட்டு வலை இழுக்க வருகிறேன் என்று வாய் தவறி வாக்குக் கொடுத்துவிட்டான். பரீட்சைக்கு இன்னும் இரண்டே மாதம்தான் இருந்தது.

குப்பத்தில் அவனைத் தவிரப் படிக்கத் தெரிந்தவன் அந்த ரகுபதி ஒருவன்தான். ஐந்தாவது வரை போனவன், கேட்காமல் வீட்டுக்குள் வந்துபோகிறவன். சந்தேகம் அங்கே போய் நின்றாலும், வீணாகப் பழி சுமத்துகிறோமோ என்று மனசு குடைந்தது. ஒருவேளை பெட்டியைச் சரியாகப் பூட்டவில்லையோ? எதற்கும் இருக்கட்டும் என்று அன்று பூட்டைச் சுற்றித் தேவானையின் தலைமுடி ஒன்றைக் கட்டிவைத்தான்.

புதன் விடியற்காலையில் முடி கட்டியபடியே இருந்தது. குறித்த இடத்தில் ஏழு கட்டுமரங்கள் இருந்தன.

கரைக்கு வந்ததும் வலையைக்கூட உதறாமல் ரகுபதியிடம் போய் நின்றான்.

“மச்சான், என் நோட்ட எடுத்துப் படிக்கிறியா?”

ரகுபதி பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

“உன் கோழிக் கிறுக்கலயா? அத்த படிக்கத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு இங்க கயிறு இழுத்துக்கினு கீறேன்?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவனும் தங்கவேலின் கண்ணைப் பார்க்கவில்லை. நாளைச் சாயங்காலம் வரும்போது கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வரும்படி ரகுபதி சொல்லி அனுப்பினான். கயிற்றில் மசி ஒட்டக் கூடாதாம்.

அன்று வகுப்பு முடிந்து வந்தபோது வாசலில் தேவானை குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தங்கவேல் கீற்றுச் சுவரோரம் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காற்று கொண்டல், தண்ணீர் கலங்கல், ஓட்டம் தெற்கிலிருந்து. ஒவ்வொன்றாக எழுதிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினான். மூன்று தேதிகள் அச்சு அசலாக ஒத்துப்போயின. மூன்றிலும் ஒரே இடம்.

இருப்பது நாளை ஒரு நாள். இதையும் அந்தத் திருடன் படித்துவிட்டால் அப்புறம் பேனாவுக்கும் அவனுக்கும் உறவில்லை.

‘நாளை காலை’ என்று எழுதியவன் அதோடு நிறுத்தினான். எழுதினால்தானே படிப்பான்? இடத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அரைகுறை வரியோடு நோட்டை மூடினான். குழந்தை தூங்காமல் சிணுங்கியது.

பிறகு கீற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தாயம்மாவின் குரல் கேட்டது.

“இன்னா நைனா, நாளை காலைன்னு சொல்லிட்டு அப்பிடியே நிறுத்திட்ட? எடத்த சொல்லு, இங்க ஏழு பேரு குந்திக்கினு கீறாங்க.”