இரண்டு முதல் நான்கு வரை

தொட்டிலுக்கு ஓரடி தள்ளி, ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது பூனை.

தொட்டிலில் தூங்குவது அவள் பிள்ளை. நாலு மாதக் குழந்தை. முகத்தின் மேல் ஏறிப் படுத்துவிட்டால்?

துடைப்பத்தை ஓங்கினாள். பூனை உள்ளே குதித்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாசல் வழியாகப் படியிறங்கியது. குழந்தை வீறிட்டது. இனி தூங்கின மாதிரிதான்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். பாதிப் படியில் எதிரே வந்தாள் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா. கழுத்தில் டேப், கையில் பாதி பட்டன் தைத்த சட்டை.

"அக்கா, இது மூணாவது தடவை."

"உள்ளேயே வந்துட்டானா? மன்னிச்சுக்கோம்மா. எங்க சூப்பர்வைசர் நாலு வீட்டைப் பார்வையிடாம திரும்ப மாட்டான்."

"சிரிக்காதீங்க. ஆசைப்பட்டு வளர்க்கிறவங்க வீட்டுக்குள்ள வச்சு வளர்க்கணும். ஊர் மேய விட்டா? இன்னைக்கு என் பிள்ளை தொட்டில் வரைக்கும் வந்துடுச்சு."

"வெளியே திரிஞ்சு பழகினவன்மா. அடைச்சு வச்சா கதவைப் பிறாண்டிக்கிட்டுக் கத்துவான். அதனாலதான் பாப்பா தூங்கற நேரமாப் பார்த்து..."

"ஓஹோ. பாப்பா தூங்கற நேரமாப் பார்த்துத்தான் அவுத்து விடறீங்களா?"

"அப்படி இல்லம்மா, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பட்டப்பகல்ல மெஷினைக்கூட ஓட்டாமத்தானே உட்கார்ந்திருக்கீங்க? அந்த நேரத்துல அதை மடியில வச்சுக் கொஞ்சுங்களேன். நாளைக்கும் இது வெளியே வந்துதுன்னா நேரா வீட்டுக்காரர்கிட்ட போவேன். பூனை இருக்கணுமா, நீங்க இருக்கணுமான்னு அவரே முடிவு பண்ணட்டும்."

தையல்கார அக்கா காலடியில் உரசிய பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா. இனிமே விடல."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"பூனைகூடச் சண்டை போட்டு ஜெயிச்சுட்டியா?"

"சிரிங்க. ராத்திரியும் பகலும் கண்முழிக்கிறது நான்தானே."

மறுநாள் இரண்டு மணிக்குக் குழந்தை தூங்கியது. அது தூங்குவதே இந்த இரண்டு மணி நேரம்தான். ஜன்னலைச் சாத்தினால் அறை வெந்துவிடும். இன்று தைரியமாகத் திறந்துவைத்தாள். தலையணையில் தலை சாய்ந்தது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழேயிருந்து கிளம்பியது ஒரு ஓலம். தொண்டை கிழியக் கத்தியது பூனை. நடுநடுவே கதவைப் பிறாண்டும் சத்தம், தரை வழியாகவே ஏறி வந்தது. குழந்தை தூக்கிவாரிப் போட்டு அலறியது.

வேண்டுமென்றே செய்கிறாள். நேற்றுக் கேட்டதற்குப் பழி வாங்குகிறாள். அடைத்து வை என்றால் இப்படியா?

அழுகிற குழந்தையோடு தடதடவென்று இறங்கினாள். குழந்தை பிறந்ததிலிருந்து இந்த நேரத்தில் அவள் கீழ்வீட்டு வாசல் வரை வந்ததே இல்லை. கடைசிப் படியில் துணிப்பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாத்திய கதவுக்குப் பின்னால் பூனை பிறாண்டிக்கொண்டிருந்தது. தையல்கார அக்கா தாழ்ந்த குரலில் அதனிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவள் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

"தட்டாதீங்கம்மா," என்றார் துணிப்பைக்காரர். "நாலு மணி வரைக்கும் யாரும் தட்டக் கூடாது. அவசரத் தையல்னாலும் இதே கதைதான். நாலு மாசமா இந்தப் படியிலதான் எங்க பொழுது போகுது."

"ஏன், உள்ளே மகாராணி தூங்கறாங்களோ?"

"மகாராணிதான். ஆனா உள்ளே இல்ல," என்று அவர் கதவில் தொங்கிய அட்டையைக் காட்டினார்.

ஓரம் நைந்த பழைய அட்டை. துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியால், கோணல் எழுத்தில் எழுதியிருந்தது:

'2 முதல் 4 வரை மெஷின் ஓடாது. கதவைத் தட்ட வேண்டாம். மாடியில் பாப்பா தூங்குது.'