தனியா நிக்கிற பொம்பளை

"தனியா நிக்கிற பொம்பளை கையில பிள்ளையக் குடுக்க எவனாச்சும் சம்மதிப்பானா?"

சிம்மக்கல்லில், வக்கீல் ஜகதாம்பாளின் மாடி ஆபீசுக்குள் காளை கத்திக்கொண்டேதான் நுழைந்தார். பின்னாலேயே அவர் மனைவி கனகலட்சுமி, வழக்கம்போல வாயைத் திறக்காமல். காளை அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உள்ளறையிலிருந்து வக்கீல் உயிலோடு வரட்டும் என்று அரைமணி நேரமாகப் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தாள் நாகஜோதி. சுவர் முழுக்கத் தேடியும் அந்தப் பாழாய்ப்போன சுவிட்ச் அவள் கண்ணில் படவில்லை.

அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் காளையின் தம்பியும், அதாவது அவள் புருஷனும், அப்படித்தான் நன்றாக இருந்தான். நாலே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. தனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் பதிமூன்று வயது மகள் தீப்தியை யார் வளர்ப்பது, புருஷன் ஊரான எழுமலையில் இருக்கும் நிலத்தை யார் பொறுப்பாகக் காப்பாற்றி அவளிடம் ஒப்படைப்பது? இரண்டுக்கும் கே.கே. நகரில் பக்கத்து வீட்டு சுபலட்சுமி டீச்சர் பெயரைத்தான் எழுதச் சொல்லியிருந்தாள். டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

இந்த வக்கீலைச் சொன்னதே கனகலட்சுமிதான். அப்படியே விஷயம் காளை காதுக்கும் போய்விட்டது.

"பெரியப்பன் நான் கல்லுமாதிரி இருக்கேன்ல? அந்த டீச்சர் யாரு, நம்ம ரத்தமா?"

"பத்தாவதோட நிப்பாட்டிட்டு மாப்ள பாத்துருவோம்னு போன பொங்கலுக்குச் சொன்னது நம்ம ரத்தந்தான் மாமா. எம் மக டாக்டருக்குப் படிக்கணுங்கறா. படிக்க வைக்கிற ஆளு கையிலதான் அவளக் குடுப்பேன்."

"ஆம்பளத் தொணையில்லாதவளுக்குப் பிள்ள வளக்க என்ன தெரியும்? எம் பிள்ளைகளா இருந்தா இப்படி ஒருத்தி கையில குடுப்பேனா?"

உயிலோடு வந்த வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். தாளை மேஜையில் வைத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த இரண்டு குமாஸ்தாக்களும் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"இதுல மட்டும் கையெழுத்துப் போட்ட, குலசாமி கும்பிட எழுமலைப் பக்கம் நீ காலெடுத்து வைக்கக் கூடாது!"

"வைப்பேன் மாமா. பொங்கப் பானையோட வருவேன், எம் மகளையும் கூட்டிட்டு வருவேன். முடிஞ்சாத் தடுத்துப் பாருங்க."

நாகஜோதி பேனாவைத் திறந்தாள். காளை சட்டென்று எழுந்து மேஜையிலிருந்த தாளைப் பறித்தார். கிழித்தே போடப் போகிறார் என்று அவளும் எழுந்தாள்.

அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. புருஷன் முன்னால் பதினெட்டு வருஷமாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத கனகலட்சுமியின் கை.

"தாளக் குடுங்க. போன வருசம் நாம காசிக்கு ரயிலேறுறதுக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து, நம்ம பிள்ளைகளுக்குக் கார்டியன்னு நீங்க எழுதி வச்சது இந்த நாகஜோதி பேரத்தான!"