பதில் சொல்லாத எஞ்சின்

பொம்மை ரயில் எஞ்சினுக்குப் புது எண் பதிய, கணினி கேள்வி அனுப்பியது. பதில் வரவில்லை. "எஞ்சின் செத்துப்போச்சு" என்று திரையில் எழுதியது.

தண்டவாளத்தில் நின்ற எஞ்சின் பதறியது. கணினிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவிலிருந்த இணைப்புப் பெட்டியிடம், "ஏம்ப்பா, எனக்குக் கேள்வியே வரலையே!" என்றது.

"எனக்கும் வரலைண்ணே. நேத்து தூசி தட்டும்போது என் வயரைப் பிடுங்கி, கணினியில வயர் சொருகுற அஞ்சாவது வாசல்ல சொருகிட்டாங்க. கணினியாரு பழக்கத்துல மூணாவது வாசல்லயே பேசிக்கிட்டிருக்காரு."

"எடுத்துச் சொல்லேன். என்னைக் கழட்டிப் போட்டுருவாங்க!"

"கத்திட்டுத்தான் இருக்கேன். மூணாவது வாசல்ல வந்தாத்தான் அவரு காதுல விழும்."

எஞ்சின் உடைசல் டப்பாவுக்குப் போனது. கடையிலிருந்து புத்தம்புதிதாக ஒன்று வந்து நின்றது. கணினி மூன்றாவது வாசலில் பணிவாகக் கேட்டது, பொறுமையாகக் காத்திருந்தது.

"இப்பல்லாம் எஞ்சினே சரியா செய்யறதில்லை" என்று வருத்தத்தோடு எழுதியது.