ஐந்தாவது முறை

"டிரைவுல ஒரு கோளாறும் இல்ல சார், கல்லு மாதிரி இருக்கு" என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக், திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டே.

டிராயிங் மாஸ்டருக்கு நிம்மதி வரவில்லை. "அப்புறம் ஏன் தம்பி டிவிடி ஓட மாட்டேங்குது?"

"அதான் எனக்கும் மண்டையைக் குடையுது. லென்ஸைத் துடைச்சாச்சு, கேபிளை மாத்தியாச்சு. இதே டிஸ்க் என் லேப்டாப்புல ஜம்முனு ஓடுது. இங்க போட்டா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்குது."

மச்சினர் போன வாரம் கொடுத்த சிரிப்புப் படம் அது. மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் படம் போடவில்லை. ஆசையாகப் போட்ட அன்றைக்குத்தான் இந்த வம்பு.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஓடலைன்னா விடுங்களேன். படம் பாக்கலைன்னா குடியா முழுகிப் போகுது?"

சிரிப்புப் படம் யாருக்கு வேண்டும்? மாஸ்டரின் கவலை வேறு.

அவருடைய பழைய பெயின்ட் பெட்டியின் அடியில் இன்னொரு டிஸ்க் இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கான உடற்பயிற்சி. அட்டையில் சிரித்துக்கொண்டு நிற்பது அவருடைய மகள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவன் நாட்டுக்குப் போனவள், அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆனாள். அங்கேயே ஒரு கம்பெனி வெளியிட்ட டிஸ்க் அது.

மகள் போன நாளிலிருந்து மனைவி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருடம் முன்பு, காய்ச்சல் என்று படுத்த மகள் எழுந்திருக்கவே இல்லை என்று மருமகன் போனில் சொன்னபோதும் அழவில்லை. "எனக்கு அவ என்னைக்கோ செத்துட்டா" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். மருமகன் அனுப்பிய பார்சலில் அந்த டிஸ்க் இருப்பதைப் பார்த்ததும், "குப்பையில போடுங்க" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் மாஸ்டர் மனைவி பேச்சை மீறியது அன்றைக்குத்தான்.

மகள் பேசுகிற குரல், கையைக் காலை ஆட்டுகிற அழகு, எல்லாம் சேர்த்து அவருக்கு மிச்சம் அந்த நாற்பது நிமிடம்தான். நாளை அவள் பிறந்தநாள். டிரைவ் போனால் அதுவும் போச்சு.

மனைவி டீயோடு வந்தாள். போன வருடம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், இப்போது குனிந்து கோப்பைகளை முக்காலியில் வைத்துவிட்டு, வாய்க்குள் எதையோ எண்ணுவதுபோல் முணுமுணுத்தபடி எதையும் பிடிக்காமல் நிமிர்ந்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஏதோ பிரார்த்தனை என்று மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை.

"எவ்வளவோ தேவலையேம்மா! போன தடவை நீங்க கதவைத் திறக்கறதுக்குள்ள நான் பாதி தூக்கம் போட்டுட்டேன்" என்றார் மெக்கானிக்.

"புதுசா ஒரு தைலம்" என்றபடி உள்ளே போனாள்.

மெக்கானிக் எதையெதையோ தட்டினார். திடீரென்று தொடையில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "பிடிச்சுட்டேன்! சார், வெளிநாட்டு டிஸ்க் ஏதாவது போட்டீங்களா?"

"இல்லையே!" கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. மாஸ்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"எந்த நாட்டு டிஸ்க் ஓடணும்னு இதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும் சார். அதை மொத்தமே அஞ்சு தடவைதான் மாத்தலாம். அஞ்சாவதா எதை வைக்கறோமோ அதுலயே பூட்டிக்கும். இங்க அஞ்சும் முடிஞ்சு, வெளிநாட்டு நம்பர்ல பூட்டிக்கிச்சு. இனிமே தலைகீழா நின்னாலும் உங்க படம் ஓடாது."

"அஞ்சா?" மாஸ்டர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாலுதான் தம்பி. நான் மாத்தினது நாலே நாலு."

மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாட்களில் நடந்த திருட்டு அது. மகளைப் பார்க்க ஒரு தடவை மாற்றுவார், பார்த்து முடித்ததும் தடயம் தெரியாமல் பழையபடி வைத்துவிடுவார். மிச்சமிருந்த ஒன்றைத் தொட மட்டும் துணிச்சல் வரவில்லை. தொட்டால் வீட்டுப் படங்கள் ஓடாது, குட்டு வெளிப்பட்டுவிடும். ஏழு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். நாளைக்காவது துணிந்துவிட வேண்டும் என்றிருந்தார்.

"தானா மாறாது சார். இதான் கடைசி, சம்மதமான்னு கேக்கும். யாரோ சம்மதம்னு அழுத்தியிருக்காங்க."

"வேற யாரு இருக்கா இங்க? அவளுக்கு இதை ஆன் பண்ணவே தெரியாதே."

"சரி விடுங்க, ஆராய்ச்சி எதுக்கு? புது டிரைவ் பையிலயே இருக்கு. இதைக் கழட்டிட்டு அதை மாட்டினா பத்து நிமிஷத்துல உங்க படம் ஓடும். நம்ம நாட்டு நம்பர்லயே பூட்டிக் குடுத்துடறேன். வெளிநாட்டு டிஸ்க் ஓடாது, அது நமக்கெதுக்கு?" என்று மெக்கானிக் காதிலிருந்த திருப்புளியை எடுத்தார்.

சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. மனைவி ஓடிவந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றாள். ஈரக் கை அதன் பெட்டியை இறுகப் பிடித்திருந்தது.

"அதைக் கழட்டாதீங்க தம்பி" என்றாள், கணவர் பக்கம் திரும்பாமலே. "ஆறாவது பயிற்சி எனக்கு இன்னும் சரியா வரல... எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும், என் பொண்ணு கோச்சுக்காம சொல்லிக் குடுக்கறா."