கேடயத்தால் இடித்தால் காப்பு கிடையாது

"டாக்டர், இது அநியாயம்!" என்று விதிப் புத்தகத்தை மேஜைமேல் போட்டேன்.

ஞாயிறு மதியம் பல் டாக்டரின் கிளினிக்குக்கு லீவு. பேஷண்டுகள் காத்திருக்கும் ஹாலில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, இருபது முகப் பகடை உருட்டிக் கற்பனைப் போர் ஆடுவோம். ஆளுக்கு ஒரு வீரன், அவன் பலமெல்லாம் ஒரு தாளில். கதையை நடத்துவது டாக்டர். அரக்கர்களுக்காக உருட்டுவதும் அவர்தான், ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால்.

நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். சிவப்பு விளக்கில் வண்டியை நகர்த்தியதற்காகச் சொந்த மாமனாரிடமே சண்டை போட்டவன்.

"என்ன மாஸ்டர் அநியாயம்?"

"கேடயத்தால எதிரியை இடிக்கலாம். ஆனா இடிச்சா, அந்தச் சுற்று முடியற வரைக்கும் அது நம்மளக் காக்காது. போன மாசம் எனக்கு நீங்கதானே சொன்னீங்க? சிஸ்டர் வாராவாரம் இடிக்கிறாங்க, காப்பையும் வெச்சுக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

சிஸ்டர் ஆஸ்பத்திரி நர்ஸ். எங்களோடு சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் மென்று முழுங்கினார். "விடுங்க மாஸ்டர், அவங்க புதுசு..."

"விதின்னா விதி!"

"அண்ணா சொல்றது சரிதான்" என்றார் சிஸ்டர் மெதுவாக. "இந்த வீரனை உருவாக்கினது என் தம்பி. அவனும் இப்படித்தான், விதின்னா விதிம்பான். அவன் தவறிப் போய் ரெண்டு மாசமாச்சு. அதான் அவன் வீரனை நான் ஆடுறேன். காப்பை எடுத்துடுங்க டாக்டர்."

அவர் கையிலிருந்த தாளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கோணல்மாணலான பென்சில் எழுத்து. வீரன் செத்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைக் கொண்டுவந்த மகராசனும் நான்தான்.

"இந்த ஒரு தடவை போகட்டுமே..." என்று இழுத்தேன்.

"இல்லண்ணா, உருட்டட்டும்."

அரக்கனின் முறை. பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் வீரன் காலி. மறைப்புக்குப் பின்னால் ட்ரேயில் பகடை உருண்டு நின்றது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "அஞ்சு! தப்பிச்சான்!"

சிஸ்டர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். தண்ணீர் கேன் டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

ட்ரேயில் பகடை இன்னும் அப்படியே கிடந்தது. பதினெட்டு.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தச் சட்டப்புலி இப்போது என்ன கத்தப் போகிறதோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"அஞ்சேதான்!" என்றேன் உரக்க. "நானே பாத்தேன்!"

எல்லோரும் கிளம்பியதும், வாசலில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ரொம்ப ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்."

"அட, சிஸ்டருக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"சிஸ்டருக்காக இல்ல டாக்டர். போன வருஷம் என் சம்சாரம் போனப்புறம், ஆறு மாசம் என் வீரன்மேல ஒரு அடிகூட விழலையே... நான் விதியெல்லாம் கரைச்சுக் குடிச்சவன், அதனாலதான்னு இன்னிக்குக் காலை வரைக்கும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்!"