அண்ணாச்சி சொன்னபடி

தவசிமுத்து அண்ணாச்சி தன் பழைய வீட்டுக்கு ஏசி போட்டார். வெளியே மாட்டும் பெட்டியை, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய சந்துக்குள், எங்கள் ஜன்னலுக்கு நேராக மாட்டினார். அந்த ஜன்னலோரம்தான் அம்மா கூலிக்குப் பேண்டேஜ் துணி மடிப்பாள். அனலில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள்.

போய்க் கேட்டேன்.

“பெட்டியத் தெருப்பக்கம் மாத்துங்க அண்ணாச்சி.”

“தாத்தா கட்டுன வீடு. முகப்பு அழகு கெட்டுரும்லா?”

“எங்கம்மா மயங்கி விழுதாவ.”

“அப்ப ஜன்னல அடைச்சுக்கோ. உங்க வீட்டுல முத ஆளா காலேஜுக்குப் போயிட்டா, எங்கிட்டயே சட்டம் பேசுவியோட்டீ?”

அன்றைக்கே ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்தேன்.

மூன்றே நாளில் அவர் ஏசி படுத்துவிட்டது. மெக்கானிக் நவாஸ் வந்து பார்த்தார்.

“அனல் வெளியேற வழியில்ல அண்ணாச்சி. அந்தத் தகரத்துல மோதி, திரும்பப் பெட்டிக்குள்ளயே போகுது.”

அண்ணாச்சி எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

“தகரத்த எடுத்துரு தாயி.”

“நீங்க சொல்லித்தான அடைச்சேன்? பெட்டியத் தெருப்பக்கம் மாத்துங்க, எடுத்துருதேன்.”

“இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் அடைச்சியாக்கும்?”

“காலேஜுக்குப் போனதச் சொல்லிக் காட்டுனீயளே, என்ன படிச்சேன்னு கேட்டீயளா? மெக்கானிக்கல் இன்ஜினியரிங். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டே ஏசிதான் அண்ணாச்சி.”