துடிப்பு தணிந்தால்

கைப்பட்டையில் பச்சை எரிந்தால்தான் பங்குச் சந்தைச் செயலி திறக்கும். நாடி படபடத்தால் சிவப்பு, அப்புறம் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. காலையில் சந்தையில் பணத்தை விட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பூபதிக்கு மதியம்வரை சிவப்புதான். விட்டதை இன்றைக்கே பிடித்துவிட வேண்டும் என்ற வெறி அவனுக்கு.

கூடத்தில் மனைவி கோகிலா கண்மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறவளுக்கு என்ன படபடப்பு இருக்கப்போகிறது? பட்டையைக் கழற்றி, பூப்போல அவள் மணிக்கட்டில் மாட்டினான்.

சிவப்பு! அவனுக்கு எரிந்ததைவிட வேகமாக மின்னியது.

“போனஸ் பணம் முச்சூடும் போயிருச்சுங்களா?” கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

பூபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இல்ல... பாதிதான். மீதி அப்படியே இருக்குது.”

கோகிலா எழுந்து உட்கார்ந்தாள். “அட, பாதி இருக்குதுங்களா! நீங்க மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுச் சுத்தறதப் பாத்து, எல்லாம் போச்சுன்னுல்ல கெடந்தேன். வாங்க, சாப்புடலாம்.”

நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினாற்போல இருந்தது அவனுக்கு. காலையிலிருந்து இல்லாத பசி இப்போது எடுத்தது.

பரிமாறிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நீட்டிக் காட்டினாள். “ஏனுங்க, பச்சை எரியுது. வேணுங்களா?”

“அது உன்ற கையிலயே இருக்கட்டும்,” என்றான் பூபதி. “ரசம் ஊத்து.”